மியூனிக்குக்கு முன்பே பிஷப் ஆக்லாந்து இருந்தது

இங்கிலாந்துக் கால்பந்தைத் தொடர்ந்து பார்க்கும் நம்மவர்களில் சிலர் பிஷப் ஆக்லாந்து என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்; அதுவும் பெரும்பாலும் மான்செஸ்டர் யுனைடெட்டின் கதையில் ஓரமாக வந்துபோகும் பெயராகத்தான். 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான விபத்தில் யுனைடெட் தன் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேரைப் பறிகொடுத்து நின்றபோது, டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் இருந்த இந்தச் சிறிய கிளப்பிலிருந்து பாப் ஹார்டிஸ்டி, டெரெக் லெவின், வாரன் பிராட்லி ஆகிய மூவர் கைகொடுக்கப் போனார்கள். நெகிழ்வான செய்திதான். ஆனால் எழுபது ஆண்டு உழைப்பை விட்டுவிட்டு, ஒரு பெரிய கிளப்புக்குச் செய்த உதவிக்காக மட்டுமே இவர்களை நினைவுகூர்வது எனக்கு உடன்பாடானதல்ல.

கிளப்பின் தொடக்கம் 1886. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களிலிருந்து அந்த ஊருக்கு இறையியல் படிக்க வந்த மாணவர்களின் ஆட்டத்திலிருந்து வளர்ந்த கிளப் என்பதால், அடர் நீலமும் வெளிர் நீலமும் சேர்ந்த சட்டை இன்றுவரை தொடர்கிறது. தொழில்முறை கிளப்புகளுக்கு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பை எப்படியோ, சம்பளம் வாங்காமல் ஆடியவர்களுக்கு அமெச்சூர் கோப்பை அப்படி. 1896 தொடங்கி 1957 வரை அதைப் பத்து முறை வென்றது பிஷப் ஆக்லாந்து. அடுத்த இடத்தில் இருக்கும் கிளாப்டன், குரூக் டவுன் ஆகிய கிளப்புகள் வென்றது தலா ஐந்து முறை. 1955, 1956, 1957 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றார்கள்; வேறு எந்த அணியும் அந்தக் கோப்பையை அப்படித் தக்கவைத்ததில்லை.

என்னைக் கேட்டால், இந்த வெற்றிகளைவிட 1954-இல் அவர்கள் தோற்ற இறுதியாட்டம்தான் அந்தக் காலத்தை நன்றாகக் காட்டுகிறது. எதிரணி, சில மைல் தொலைவில் இருக்கும் குரூக் டவுன். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் மோதுவதைப் பார்க்க லண்டனின் வெம்ப்லி மைதானத்தில் ஒரு லட்சம் பேர் கூடினார்கள். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பிஷப் ஆக்லாந்து ஆட்டக்காரர் ஒருவரின் கால் முறிந்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் அப்போது இல்லாததால், மீதி நேரம் முழுவதையும் பத்துப் பேரோடு ஆடி 2-2 என்று சமன் செய்தார்கள். நியூகாசிலில் நடந்த மறு ஆட்டமும் 2-2. மிடில்ஸ்பரோவில் நடந்த மூன்றாவது ஆட்டத்தில் குரூக் 1-0 என்று வென்றது. மூன்று ஆட்டங்களையும் நேரில் பார்த்தவர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர்.

அடுத்த பருவத்தின் எஃப்.ஏ. கோப்பையில் கிரிஸ்டல் பேலஸை அவர்கள் ஊருக்கே போய் 4-2 என்று தோற்கடித்தார்கள். பிறகு நாட்டின் இரண்டாம் நிலை லீக்கான இரண்டாம் டிவிஷனில் இருந்த இப்ஸ்விச்சோடு 2-2 என்று சமன் செய்து, மறு ஆட்டத்தில் 3-0 என்று வீழ்த்தினார்கள். பிஷப் ஆக்லாந்தின் கோல்கீப்பர் ஹாரி ஷாரட், எதிரணி தன் பக்கமே வராத ஒரு பனிநாளில் கோல் அருகே பனிமனிதன் செய்துகொண்டிருந்தார் என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அமெச்சூர் என்ற சொல்லை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்குத் திரும்பினால் பூட்ஸுக்குள் பணம் இருக்கும் என்பது அக்காலக் கால்பந்தில் ஊரறிந்த ரகசியம். ஆனால் அந்தக் குற்றச்சாட்டு ஒரு கிளப்புக்கு மட்டும் உரியதல்ல. மொத்த ஏற்பாடே போலியாகிவிட்டது என்பதால்தான் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1974-இல் அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவையே எடுத்துவிட்டது. அதோடு அமெச்சூர் கோப்பையும் முடிந்தது. இனி யாராலும் முறியடிக்க முடியாத சாதனை என்று சிலர் அந்தப் பத்து வெற்றிகளைச் சற்று இளக்காரமாகச் சொல்கிறார்கள். கோப்பை நின்றுவிட்டதற்காக வென்றவர்களின் கணக்கைக் குறைப்பது என்ன நியாயம்?

1958-க்கு மறுபடி வருகிறேன். யுனைடெட்டின் மேலாளர் மாட் பஸ்பி 1948 ஒலிம்பிக்கில் பயிற்சி அளித்த பிரிட்டன் அணியில் ஆடியவர் ஹார்டிஸ்டி. ஆகவே யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று யுனைடெட்டுக்கு நன்றாகவே தெரியும். அங்கே போன மூவரில் பள்ளி ஆசிரியரான பிராட்லி, மறு ஆண்டே இங்கிலாந்து அணிக்காக மூன்று ஆட்டங்களில் இறங்கி இரண்டு கோல் அடித்தார். அது இரக்கப்பட்டுக் கொடுத்த வாய்ப்பு அல்ல. அந்தத் தரம் பிஷப் ஆக்லாந்தின் கிங்ஸ்வே மைதானத்தில் ஏற்கெனவே இருந்தது.

கிரிக்கெட் கிளப்போடு பங்கிட்டுக்கொண்டதால் ஒரு பக்கம் திறந்தே கிடந்த மைதானம் அது. 2001-இல் அதை விட்டு வெளியேறிய கிளப், ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பிறர் மைதானங்களில் ஒண்டியிருந்துவிட்டு 2010-இல்தான் ஹெரிடேஜ் பார்க் என்ற சொந்த இடத்துக்கு வந்தது. அமெச்சூர் கோப்பையையும் கால்பந்து வரலாற்றின் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேசும் நாள் வந்தால், இவர்களைப் பற்றிய முதல் வரியில் அந்தப் பத்துக் கோப்பைகள் வரட்டும். மியூனிக் இரண்டாவது வரியில் வரலாம்.