லீவு நாள்ல கூட கிராம சபைக்கு நேரமில்லையா?

ஆகஸ்ட் 15 காலைல கொடியேத்தி மிட்டாய் வாங்குற வரைக்கும் கூட்டம் அலைமோதும். அன்னைக்கே நடக்குற கிராம சபைக்கு மட்டும் ஆள் தேடணும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தமிழ்நாட்டுல வருஷத்துக்கு ஆறு தடவை, பெரும்பாலும் லீவு நாள்லதான். கோயில் கொடைக்கு வரி கட்டினா பைசா பைசாவா கணக்குக் கேக்குறோம், ஊராட்சி வரவு செலவை வாசிக்கும்போது டிவில பட்டிமன்றம் பாக்குறோம்.

குறைவெண் வரம்பு, அதாவது குறைஞ்சது இத்தனை பேர் கூட்டத்துக்கு வந்திருக்கணும்ங்கிற கணக்கு ஒண்ணு இருக்கு. 500 பேர் வரைக்கும் உள்ள ஊருக்கு 50 பேர், 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300. மண்டபத்துல முப்பது பேர் இருந்தா மிச்சக் கையெழுத்து எங்கேர்ந்து வரும்? கூட்டத் தீர்மானம் எழுதுற நோட்டு வீடு வீடா நடக்கும், நூறு நாள் வேலை நடக்குற இடத்துக்கும் போகும். தீர்மானம் எழுதாத வெத்துப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுட்டு, "எங்க தெருவுக்கு ஏன் ரோடு வரல"ன்னு டீக்கடைல கேக்குறது என்ன நியாயம்?

கோரிக்கையை ரெண்டு பிரதி எழுதிட்டுப் போங்க, ஒண்ணுல பெற்றதுக்கு ஒப்பம் வாங்குங்க. தீர்மானத்தை நோட்டுல எழுதச் சொல்லி, வாசிக்கக் கேட்டு, அதுக்குக் கீழ ஒட்டினாப்ல கையெழுத்துப் போடுங்க. நடுவுல இடம் விட்டா அப்புறம் யாரோ எதையோ சொருகிடுவாங்க. அந்தப் பக்கத்தை அங்கயே போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. மிஞ்சிப்போனா ரெண்டு மணி நேரம், பட்டிமன்றம் எப்படியும் யூடியூப்ல வந்துரும்.