துணியில் அருவக் கலை: வரிசை தலைகீழாகிவிட்டது

ஆடை வடிவமைப்பாளர்கள் மிச்சத் துணியை ஒட்டி அருவக் கலை (உருவங்களைக் காட்டாமல் நிறத்தாலும் வடிவத்தாலும் ஆன கலை) படைப்பது அண்மைக்கால மோகம், அது வெறும் ஒட்டுவேலை என்றும், இருபதாம் நூற்றாண்டுக் கலைஞர் சோனியா டெலோனேவே அதற்குத் தொடக்கம், அவர் முதலில் உடை தைத்துப் பிறகு ஓவியரானவர் என்றும் சிலர் சொல்வது சரியல்ல. அவர் ஓவியம் பயின்றவர். 1911இல் தம் மகனுக்காக வெவ்வேறு நிறத் துணித்துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வைதான் (அது இன்று பாரிஸின் பொம்பிடு மையத் தொகுப்பில் இருக்கிறது) அவரை அருவத்தின் பக்கம் திருப்பியது. ஆடை வடிவமைப்பில் அவர் பெயர் பெற்றது அதற்குப் பின்னர், 1920களில். துணிக்கலை அண்மைக்கால மோகமும் அல்ல: நெசவுக் கலைஞர் அன்னி ஆல்பர்ஸின் தனிக் கண்காட்சியை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1949இலேயே நடத்தியது. 'வெறும் ஒட்டுவேலை' என்பதும் அவசரத் தீர்ப்பு: ஒரே வெல்வெட் துண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் இழை சாய்ந்திருக்கும் திசை மாறி நிறமே அடர்ந்தோ வெளிறியோ தெரியும், மூலைவாட்டில் (இழைகளுக்குச் சாய்வாக) வெட்டிய துணியோ இழுத்த பக்கம் நெளியும்.