சோனியாவுக்கு டால்ஸ்டாய் செய்த அநியாயம்

ரஷ்ய நாவல்களில் தன்னலமற்ற காதல் என்று பேச்செடுத்தால் எல்லோரும் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' சோனியாவைத்தான் சொல்வார்கள். நான் சொல்லப்போவது டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' சோனியாவை. அவளை வாசகர்கள் மறந்தது இருக்கட்டும், டால்ஸ்டாயே கடைசியில் கைகழுவிவிட்டார் என்பதுதான் என் புகார்.

ரோஸ்தோவ் பிரபு வீட்டில் வளரும் அநாதைப் பெண் அவள். கூடப்பிறக்காத குறைதான், எல்லாம் கிடைக்கிறது. ஆனால் சீதனம் என்று ஒரு காசு கிடையாது. அந்த வீட்டு மகன் நிகோலாய் மீது சிறுவயதுக் காதல். தன்னைப் பெண் கேட்டு வந்த அவன் நண்பன் தோலகோவை அவனுக்காக மறுத்துவிடுகிறாள். தோலகோவ் அந்த வஞ்சத்தைச் சீட்டாட்டத்தில் தீர்த்துக்கொள்கிறான்: நிகோலாயின் கடன் 43,000 ரூபிளைத் தொடும்வரை விடவில்லை. அது என்ன கணக்கு? தோலகோவின் வயதையும் சோனியாவின் வயதையும் கூட்டினால் 43!

வீடு கடனில் மூழ்க மூழ்க, பணக்கார மருமகள் தேவைப்படுகிறாள். இளவரசி மரியா இருக்கிறாள். சோனியாதான் இடைஞ்சல். "உன்னை வளர்த்ததற்குக் கைம்மாறாக என் மகனை விட்டுவிடு" என்று பிரபுவின் மனைவி அழுது மன்றாடுகிறாள். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது. விட்டுக்கொடுப்பது சோனியாவுக்குப் பழக்கம். அந்த வீட்டில் தன் மதிப்பைக் காட்ட அவளுக்கு வேறு வழியே இருந்ததில்லை. ஒவ்வொரு முறை விட்டுக்கொடுத்தபோதும் நிகோலாய்க்கு இன்னும் தகுதியானவளாகிறோம் என்று நம்பியிருந்தாள். இப்போது அவனையே அல்லவா கேட்கிறார்கள்? வளர்த்தவர்கள் மீது முதன்முறையாகக் கசப்பு வருகிறது. எதையுமே விட்டுக்கொடுக்காமல் எல்லோருடைய அன்பையும் வாங்கிக்கொள்ளும் அந்த வீட்டு மகள் நடாஷாவைப் பார்த்துப் பொறாமையும் வருகிறது.

ஒருவழியாக நிகோலாயை விடுவித்துக் கடிதம் எழுதுகிறாள். அப்போதும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை. போரில் காயம்பட்டுக் கிடக்கும், நடாஷாவுக்கு முன்பு நிச்சயிக்கப்பட்டிருந்த ஆந்திரேய் பிழைத்து நடாஷாவை மணந்தால், ஆந்திரேயின் தங்கை மரியாவை நிகோலாய் மணக்கத் திருச்சபை முறை இடம் கொடுக்காது. இதைப் படித்துவிட்டு, தியாகத்தில் கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கோ அந்த இடத்தில்தான் அவள் ரத்தமும் சதையுமாகத் தெரிகிறாள். ஆந்திரேய் இறந்துவிடுகிறான். நிகோலாய் மரியாவை மணக்கிறான்.

பிறகு அந்த வீட்டிலேயே பிரபுவின் மனைவியான கிழவிக்குப் பணிவிடை, குழந்தைகளைக் கொஞ்சுவது, தேநீர் ஊற்றுவது. இல்லாதவரிடமிருந்து உள்ளதும் பறிக்கப்படும் என்ற வேத வசனத்தைச் சோனியாவுக்குப் பொருத்தி, அவள் காய் பிடிக்காத பூ என்கிறாள் நடாஷா. நடாஷா ஓடிப்போய்ச் சீரழியாமல் தடுத்ததே சோனியாதான்! பாத்திரம் பேசியதற்கு ஆசிரியர் என்ன செய்வார் என்று கேட்கலாம். மனிதர்களிடம் ஒட்டாமல் வீட்டோடு ஒட்டிக்கொள்ளும் பூனை என்று கதைசொல்லியின் குரலிலேயே எழுதியிருக்கிறாரே.

இத்தனைக்கும் டால்ஸ்டாயை வளர்த்த தத்யானா எர்கோல்ஸ்கயா கிட்டத்தட்ட இதே சோனியா. உறவினர் வீட்டில் வளர்ந்த அநாதை. டால்ஸ்டாயின் தந்தை நிகோலாயைக் காதலித்தவர். சீதனத்தோடு வந்த இளவரசி மரியாவுக்காக ஒதுங்கிக்கொண்டவர். மரியா இறந்தபின், 1836இல், தந்தை அவரிடம் இரண்டு வேண்டுகோள் வைத்தார்: தன்னை மணக்க வேண்டும், பிள்ளைகளுக்குத் தாயாக இருக்க வேண்டும். முதலாவதை மறுத்தேன், இரண்டாவதை உயிருள்ளவரை நிறைவேற்றுவதாக வாக்களித்தேன் என்று அவர் குறித்துவைத்த சீட்டு, இறந்தபின் அவருடைய மணி கோத்த பையில் கிடைத்தது. அன்பு செலுத்துவதன் இன்பத்தைக் கற்றுத்தந்தவர் அவரே என்று பின்னாளில் உருகி எழுதினார் டால்ஸ்டாய். நாவல் 1869இல் முழுமையாக வெளிவந்தபோது அந்த அம்மையார் உயிரோடு இருந்தார். அவர் கையால் வளர்ந்தவருக்குப் பூனை என்று எழுத எப்படி மனம் வந்தது?