அதான் நிக்குதுல்ல, வந்துட்டுப் போ

தம்பி போனில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் வீட்டில் ஒருத்தரும் அவனைக் கூப்பிட மாட்டார்கள். "ஆன்லைன்ல இருக்கான், பாவம், நடுவுல விட்டா அவுட் ஆயிருவான்." நான் உட்கார்ந்து 'விசார்ட்ரி' என்ற பழைய கம்ப்யூட்டர் கேம் விளையாடினால்? கறுப்புத் திரையில் நாலு வெள்ளைக் கோடு, ஒன்றும் அசையாது, அதனால் நான் சும்மா இருக்கிறேனாம். "அதான் நிக்குதுல்ல, வந்து மோட்டாரைப் போட்டுட்டுப் போ."

நிற்கத்தான் செய்கிறது, யார் இல்லை என்றது? என் தலைக்குள் இருப்பது நிற்காதே! இது 1981-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்த கேம், நம் ஆட்களைக் குழுவாகப் பாதாளச் சுரங்கத்துக்குள் நடத்திப் போக வேண்டும், மேப் போட்டுத் தராது. 10 தளம், ஒவ்வொன்றும் 20-க்கு 20 கட்டம், அடிக்கு அடி கிராஃப் நோட்டில் நாமே பென்சிலால் வரைய வேண்டும். சில கட்டங்களில் கால் வைத்தால் சத்தமே இல்லாமல் ஆளைத் திருப்பிவிட்டுவிடும். சுவரெல்லாம் ஒரே மாதிரி, பக்கம் முழுக்கத் தப்பாக வரைந்த பிறகுதான் வடக்கே என்று நினைத்துக் கிழக்கே போயிருக்கிறோம் என்பதே உறைக்கும். டுமாபிக் மந்திரம் போட்டால் இருக்கும் இடமும் திசையும் தெரியும், சரி, ஆனால் மந்திரத்துக்கும் அளவு உண்டு. அது தீர்ந்துபோய் நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் செல்லூரில் குழாயில் தண்ணி வரும்.

போய்க் குடத்தை நிரப்பி வைத்துவிட்டு வந்தால் என் நாற்காலியில் அக்கா மகன். "மாமா, நான் நடக்க வச்சேன்!" எந்தப் பக்கம்டா? "அந்தப் பக்கம்." கிராஃப் நோட்டின் மேல் எவரோ வைத்த ஈர டம்ளர், படிக்கட்டு வரைந்த இடத்தில் வட்டமாகப் பென்சில் கலைந்து கிடக்கிறது. திரும்பும் வழி தெரியாமல் சுற்றியதில் என் ஆள் ஒருத்தனின் தலையை ஒரு முயல் கடித்து எடுத்துவிட்டது. சிரிக்காதீர்கள், அந்த கேமில் முயல் அப்படித்தான். மற்ற ஐந்து பேரும் அடுத்தடுத்த சண்டைகளில் போனார்கள்.

பழைய சேவ், அதாவது முன்னே சேமித்து வைத்த ஆட்டத்தை எடுத்து மறுபடி ஆரம்பி என்கிறான் தம்பி. செத்ததை அந்த நிமிடமே எழுதிவைத்துக்கொள்ளும் கேமில் பழைய சேவ் எங்கே இருக்கிறது? பிணங்கள் அங்கேயே கிடக்கும். புதுசாக ஆள் சேர்த்து, வளர்த்து, போய்த் தூக்கி வர வேண்டும். ஒரு குழுவில் ஆறு பேருக்குத்தான் இடம், பிணமும் அதில் கணக்கு, ஆக ஆறு பேராகப் போனால் ஒன்றைக்கூடத் தூக்க முடியாது. தூக்கி வந்து கேமில் இருக்கும் கோயிலில் காசு கட்டினாலும் உயிர் வருவது நிச்சயமில்லை, சாம்பலாகலாம், சாம்பலுக்கும் கட்டி அதுவும் பலிக்காவிட்டால் ஆள் ஒரேயடியாகக் காலி. இவர்கள் இல்லாமல் 1982-ல் வந்த இரண்டாம் பாகத்துக்குள் நுழையவும் முடியாது, முதல் பாகத்தில் வளர்த்த ஆட்களைத்தான் அது கேட்கும்.

2024-ல் வந்த புதுப் பதிப்பை வாங்கலாமே என்று யாரும் கிளம்பி வராதீர்கள். எனக்குக் கட்டம் போட்டு வரைவதுதான் பிடித்திருக்கிறது. எனக்குக் கேமோடு சண்டை இல்லை, அது சொன்ன விதிப்படிதான் கொல்கிறது.

இனிமேல் தண்ணி வந்தால் தம்பியை எழுப்புங்கள். அவன் அவுட் ஆனால் அரை நிமிடத்தில் மறுபடி உயிரோடு வந்துவிடுவான்.