64 பிஎஸ் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது

ஹோண்டா எஸ்660, டைஹாட்சு கோப்பன் இரண்டும் கூரை திறக்கும் ஜப்பானிய இரண்டு இருக்கை குட்டிக் கார்கள். "எஸ்660, கோப்பன் ரெண்டும் 660 சிசி டர்போ, ரெண்டும் 64 பிஎஸ் (குதிரைத்திறன்), எதை வாங்கினாலும் ஓட்ட ஒன்றுதான்" என்று சிலர் சொல்வது தவறு. 64 என்பது ஜப்பானில் கேய் கார்களுக்கு (அங்குள்ள மிகச் சிறிய கார் வகை) தயாரிப்பாளர்களே ஒத்துக்கொண்டு வைத்திருக்கும் உச்சவரம்பு, டர்போ வைத்த கேய் கார்கள் பலவற்றிலும் அதே எண்தான் வரும்.

எஞ்சின் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஹோண்டாவில் இருக்கைக்குப் பின்னால் இருந்து பின்சக்கரங்களைச் சுழற்றுகிறது, முன்சக்கரங்களுக்குத் திரும்புவது மட்டும்தான் வேலை, அதனால் சாலையின் உணர்வு ஸ்டீயரிங் வழியே அவ்வளவு சுத்தமாகக் கைக்கு வரும். டைஹாட்சு கோப்பனில் எஞ்சின் முன்னால், முன்சக்கரங்களே இழுக்கவும் வேண்டும் திரும்பவும் வேண்டும், வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி வெளிப்பக்கம் தள்ளும். மேனுவலில் எஸ்660-க்கு 6 கியர், இரண்டாம் தலைமுறை கோப்பனுக்கு 5.

சரி, தினமும் வைத்து ஓட்ட கோப்பன்தான் மேல். அதன் கெட்டியான கூரை பட்டனில் மடங்கும், மூடியிருந்தால் டிக்கியில் நிஜமாகவே பை வைக்கலாம். எஸ்660-இன் துணிக்கூரையைக் கையால் சுருட்டி முன் பானெட்டுக்குள் வைத்துவிட்டால் சாமானுக்கு இடமே இல்லை. அப்புறம், எஸ்660-இன் உற்பத்தி 2022-லேயே நின்றுவிட்டது, பழைய வண்டிதான் கிடைக்கும், வாங்கும் முன் கூரையின் ரப்பர் ஓரங்களைக் கட்டாயம் பாருங்கள்.