பட்டவன் பேச்சு

மனநலச் சிக்கலிலிருந்து மீண்ட இளைஞர்களே மற்ற இளைஞர்களுக்குத் துணை நிற்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். காரைக்குடியில் என் அண்ணன் மகன் கல்லூரியை விட்டுவிட்டு மாடி அறையிலேயே கிடந்தான். குன்றக்குடி முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொன்னார் ஆச்சி, போனோம். மருத்துவர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது, பேச்சு வரவில்லை. அப்புறம், இதே பாடு பட்டு மீண்ட தேவகோட்டைப் பையன் ஒருவன் வாராவாரம் வந்து கேரம் ஆடினான். மூன்றாவது வாரம் இவனே கேட்டான்: "உனக்கும் குளிக்கக்கூடத் தோணாதா?" வீடு நிறைய ஆட்கள் இருந்தும் எங்களிடம் கேட்காத கேள்வி.

அந்தப் பையன் பேருந்துக் காசைக்கூட வாங்க மறுத்தான். இதை வேலையாகக் கருதிப் பயிற்சியும் சம்பளமும் தர வேண்டாமா? சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் அவன் தனியாகச் சுமக்க முடியாது, மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவிலும் தமிழிலேயே பேசலாம்.