காலண்டரைத் திருப்பி மாட்டிய கதை

நேற்றைய சண்டையை மறுபடி நீட்டி விளக்கப் போவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் நான் சும்மா போடும் தேங்காய்ப் பருப்பு (கொப்பரை) விலையை அப்படியே எடுத்து ஒரு தம்பி தன் செயலியில் போட்டிருந்தார்; ஏன் என்று கேட்டேன். "விலை ஊருக்குப் பொது, உங்க தோட்டத்துத் தேங்காயாங்ண்ணா?" என்று அந்தச் செயலிக்காரத் தம்பி கேட்டதையும், நம் குழுவிலேயே ஒரு கூட்டம் கை தட்டியதையும் எல்லோரும் பார்த்தீர்கள்.

விலை பொதுதான். யார் இல்லை என்றது? ஆனால் அவல்பூந்துறை ஏல விலை, பெருந்துறை விலை, காங்கேயத்துக் களத்து (தேங்காய் காயப்போடும் இடத்து) விலை மூன்றையும் போன் போட்டுக் கேட்டு, முதல் தரம், இரண்டாம் தரம் பிரித்து, பருப்பில் ஈரம் எப்படி என்றும் எழுதி, ஆறு வருஷமாகப் போட்டேனே, அது பொதுவா? அவசரத்தில் நான் 'இரண்டாம் தறம்' என்று அடித்தால் அந்தச் செயலியிலும் 'தறம்'தான். அதற்கு மாதச் சந்தா வேறு.

"வாட்ஸ்அப்பில் சும்மா போடுறதுக்கு என்ன மதிப்பு" என்கிறார்கள். அந்த வாட்ஸ்அப்பை 2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலர் பேசி வாங்கியது. கிட்டத்தட்ட சும்மா கொடுத்த ஒரு சேவைக்கு! அவர்கள் என்ன, கட்டடத்தைப் பார்த்தா விலை பேசினார்கள்? நம்ம ஊரில் மட்டும் டேட்டா என்றால் தினம் ஒன்றரை ஜிபி, அவ்வளவுதான்.

(இதையும் ஃபேஸ்புக்கில் ஓசியில்தான் எழுதுகிறேன். தெரியும். யாரும் வந்து சொல்ல வேண்டாம்.)

அப்பா விலையைத் தினசரி காலண்டர் தாளில் எழுதி வைப்பார். பருப்பு எடுக்க வரும் வியாபாரி திண்ணையில் உட்காருவதற்குள் காலண்டரைத் திருப்பி மாட்டிவிடுவார். வியாபாரியும் மோர் குடித்துக்கொண்டே, "ஏனுங்க, இன்னைக்கு என்ன தேதி?" என்பார். எட்டாவது படித்த மனுஷனுக்கும், தேதி கேட்ட அந்த வியாபாரிக்கும் தெரிந்திருந்தது, டேட்டாவுக்கு விலை உண்டு என்று. எம்பிஏ படித்த தம்பிக்குத்தான் தெரியவில்லை. தெரியவில்லையா? தெரிந்துதானே சந்தா வாங்குகிறார்!

"2016லேயே இ-நாம்னு மத்திய அரசோட ஆன்லைன் விவசாயச் சந்தை வந்தாச்சு, அரசாங்கமே விலை போடுது" என்கிறார்கள். சரி, அதையே பாருங்கள். எந்தக் களத்துக்காரர் பணத்தை இழுத்தடிப்பார் என்று அதில் வராது.

வக்கீல் மாப்பிள்ளை ஒருவர், வெறும் உழைப்புக்குப் பதிப்புரிமை இல்லை, கொஞ்சமாவது படைப்புத்திறன் வேண்டும் என்று 2007இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்கிறார். இருக்கட்டும். நான் கோர்ட்டுக்கா போகிறேன்? 'நன்றி, விலை இன்னார் தந்தது' என்று ஒரு வரி போட்டிருந்தால் இத்தனை பேச்சே இல்லை.

"அப்போ நீங்களும் காசு வாங்க வேண்டியதுதானே?" வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தால் நேற்றுக் கை தட்டியவர்களில் பாதிப் பேர் குழுவில் இருந்திருக்க மாட்டார்கள்.

முதல் கைதட்டு எங்கள் பங்காளியுடையது. அதுதான் ராத்திரி தூங்க விடவில்லை. போன ஐப்பசியில் காலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டு, "ரெண்டு நாள் லோடு ஏத்தாதீங்ண்ணா" என்றேன். பொறுத்தார், விலை ஏறியது, புது வண்டி எடுத்தார். அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்துதான் நேற்றுக் கை தட்டியிருப்பாரோ என்னவோ.

இன்றைய ஏலம் மதியமே முடிந்துவிட்டது. விலை என் நோட்டில் இருக்கிறது. செயலியில் இன்னும் போன வாரத்து விலைதான் ஓடுகிறது. பங்காளி மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்.